காரைக்குடி ‘பங்களா’: விருந்தாளிக்காக ஒரு வீடு

செட்டிநாடு என்றதும் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், காரைக்குடி செஞ்சையில், தேவகோட்டை சாலையில், வேறு மாதிரியான பழைய வீடு ஒன்று இருக்கிறது. பெயரே ‘பங்களா’தான்!

எம்.எஸ்.எம்.எம். குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்தக் காலத்தில் ஆங்கிலேய விருந்தினரை உபசரிக்கவும், ஆண்கள் கூடிப் பேசவும் கிளப் போலப் பயன்பட்டது.

அரண்மனை மாதிரி வீடு இருக்கும்போது விருந்தாளிக்குத் தனிக் கட்டடம் எதற்கு?

நகரத்தார் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் புரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் உரியவை. கல்யாணம், படையல் எல்லாம் அங்கேதான். காற்றும் வெளிச்சமும் மழையும் நடு முற்றத்தின் வழியாக வரும். மொத்த வீடும் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும்.

பங்களா என்ற கட்டட வகை இதற்கு நேர் எதிர். சுற்றிலும் தோட்டம், முன்னால் அகலமான வராந்தா, வெளியே பார்த்த அறைகள். வந்தவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசத் தோதானது.

இதை இங்கிலீஷ்காரர் பாணி என்கிறோம். உண்மையில் ‘பங்களா’ என்றால் வங்காளத்து வீடு. வங்காளக் கிராமத்துக் குடிசையைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். 1870 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையிலேயே ‘பங்களோ’க்கள் எழும்பின!

இன்று செட்டிநாட்டில் எத்தனையோ பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பராமரிப்புச் செலவோ மலைக்க வைக்கிறது. சில வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பங்களாவுக்கு அந்தக் கதி வரவில்லை. மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி 1990களின் இறுதியில் அதை விருந்தினர் விடுதியாக்கினார். வாழையிலையில் செட்டிநாட்டுச் சாப்பாடு போட்டார். உலகமே தேடி வந்தது. பூட்டு போட்டால் கட்டடம் நிற்காது, ஆள் புழங்கினால்தான் நிற்கும்!

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடிக்கே வந்து இறங்கலாம். முதலில் கானாடுகாத்தானில் பார்வைக்குத் திறந்திருக்கும் வீடு ஒன்றின் முற்றத்தில் நில்லுங்கள். பிறகு பங்களா வராந்தாவில் உட்காருங்கள். குடும்பத்துக்குக் கட்டியது எது, விருந்தாளிக்குக் கட்டியது எது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.