கதவுக்கு வெளியே ஒரு நன்றி

என் பெண்ணின் பிரசவத்துக்காக 2016-ல் நியூயார்க் போய் ஆறு மாதம் இருந்தேன். குவீன்ஸில், யூதக் குடும்பங்கள் நிறைய உள்ள கியூ கார்டன்ஸ் ஹில்ஸ் பகுதியில் அவள் வீடு. மாடியில் எண்பது வயது யூத அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். குழந்தையைப் பார்க்க தினமும் இறங்கி வருவார். ஆனால் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார். அவர்கள் சமையல் ஆசாரம் என் பாட்டியின் மடியைத் தோற்கடித்துவிடும்!

ஒருநாள் வாழைப்பழத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். உரிக்குமுன் உதடுகள் அசைந்தன. மரத்துப் பழத்துக்கு ஒரு துதி, தரையில் விளைவதற்கு வேறு துதியாம். வாழை, மரமில்லையாம்; தரைக் கணக்காம். குலை தள்ளியதும் சாய்ந்துவிடுகிற வாழையை எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்! இடி இடித்தால் ஒரு துதி, வானவில்லுக்கு ஒன்று, கெட்ட செய்தி கேட்டால்கூட ஒன்று. நாளொன்றுக்கு நூறு சொல்ல வேண்டும் என்று தால்மூத் என்னும் அவர்களுடைய பழைய நூலில் இருக்கிறதாம்.

இதெல்லாம் சரி. கழிவறையிலிருந்து வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று முணுமுணுத்தாரே, அதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது.

"இதுக்குமா?" என்றேன்.

"இதுக்கு இல்லாமலா?" என்றார்.

உடம்பில் எத்தனையோ துவாரங்களும் குழாய்களும் வைத்துப் படைத்திருக்கிறான். திறக்க வேண்டியது அடைத்துக்கொண்டாலோ, மூடியிருக்க வேண்டியது திறந்துகொண்டாலோ நாம் நிற்க முடியாது என்பது அதன் பொருளாம். நாலாம் நூற்றாண்டில் பாபிலோனில் இருந்த அபாயே என்ற அறிஞர் சொன்னதாம். நான் தலையை ஆட்டிவிட்டு, அன்றிரவு பெண்ணிடம் சொல்லிச் சிரித்தேன்.

2019-ல் திருச்சியில் எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? என் கணவர் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார். "வயசாச்சுல்ல" என்று சொல்லியே ஒப்பேற்றினார். ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டார். அன்று நள்ளிரவில் சிறுநீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. சுவரில் தலையை முட்டிக்கொண்ட மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பிராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை நெரித்திருக்கிறது. அந்தச் சளி மாத்திரை அதை முழுக்க மூடிவிட்டது என்றார் டாக்டர். (இந்த வயதில் ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில், டாக்டரைக் கேட்காமல் சளி மாத்திரை கொடுக்காதீர்கள். ராத்திரி அடிக்கடி எழுந்து போனால் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.)

குழாய் போட்டு நாலு நாள். ஐந்தாம் நாள் எடுத்துவிட்டு, "தானாப் போறாரான்னு பார்ப்போம். இல்லேன்னா மறுபடி குழாய்தான், அப்புறம் ஆபரேஷன்" என்றார்கள். தண்ணீர் குடிக்கவைத்து, கழிவறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். என் பிரசவங்களுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. உள்ளே சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"வந்துடுச்சு" என்றார்.

எனக்கு அழுகை பொங்கியது. எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. மாடி வீட்டு அம்மாள் சொன்ன அந்தத் துவாரங்களும் குழாய்களும்தான் தமிழில், அரைகுறையாக வந்தன.

நியூயார்க் டாக்டர் கென்னத் பிரேகர் 1997-ல் ஒரு மருத்துவ இதழில் இந்தத் துதியைப் பற்றி எழுதியிருப்பதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் கழிவறைக்கு வெளியே இது எழுதி மாட்டியிருக்குமாம். சிறுபிள்ளையாக அவரும் சிரித்தவர்தானாம். டாக்டரான பிறகுதான் விளங்கியதாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே, "அதை அவரல்லவா சொல்லணும்? போனது நீங்க இல்லையே!" என்றார்.

இவரிடம் சொன்னேன். "அடேயப்பா, நியூயார்க்கிலேர்ந்து உத்தரவா?" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆனால் இப்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருபவர், கதவருகே ஒரு நொடி நிற்கிறார். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன், கண்டுகொள்வதில்லை.