தலையைத் தாழ்த்துதல்

நாங்கள் மூவரும் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். தலை நீருக்கு மேலிருந்தால் உயிர் இருக்கிறது என்பதே அன்று நாங்கள் அறிந்த இலக்கணம். உடன் பழகிய ஒருவன் உள்நீச்சல் போய் மேலே வராத நாளுக்குப் பின், அவ்விலக்கணம் எங்கள் கழுத்திலேயே இறுகிவிட்டது.

நாற்பது வயதுக்குமேல் நகரத்து நீச்சல்குளத்தில் இறங்கினோம். ஒருமுறை குளத்தைக் கடப்பதற்குள் மூச்சிரைத்தது. கைகளில் வலுவில்லை என்று எண்ணினோம். பயிற்சியாளர் பிழையை வேறிடத்தில் காட்டினார். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. சாய்ந்த உடல் தன் முழு அகலத்தோடு நீரை முட்டுகிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இருமடங்கானால் அதன் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பின்னோக்கித் தள்ளவேண்டிய நீரை நாங்கள் உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தோம். செலவிட்ட வலுவில் பெரும்பகுதி தலையைத் தூக்கி நிறுத்தவே போயிற்று.

முகத்தை நீரில் அமிழ்த்தி அடித்தரையைப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. பிறகு, மூச்செடுக்கும்போது தலையை உயர்த்தாமல் உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் புரட்டக் கற்றோம். கால்கள் தாமாகவே மேலெழுந்தன. அதே கைவீச்சில் உடல் நெடுந்தொலைவு வழுக்கிச் சென்றது.

அன்று மறுகரைச் சுவரைத் தொட்டு நின்றபோது எங்களில் ஒருவர் அவன் பெயரைச் சொன்னார். முப்பது ஆண்டுகளாக நாங்கள் உச்சரிக்காத பெயர் அது.