தலையும் தண்ணீரும்

செம்மங்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் மீது ஒரு சமயம் நான் பொய்க் குற்றம் சாட்டினேன். பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதால் அதன் விளைவு குறைந்துவிடவில்லை.

1993-ல் எனக்கு 24 வயது. நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது. அடுத்து உச்சியில் எட்டணா அளவுக்கு ஒரு வெளிச்சம். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. எங்கள் பக்கத்தில் 1980-களில் ரசாயன ஆலைகள் வந்திருந்தன. கிணற்றில் வாடை அடித்தது. அம்மாவுக்குக் கையெல்லாம் அரிப்பு, தோல் வெடிப்பு. ஆகவே என் தலைக்கும் காரணம் தயாராக இருந்தது. எவனோ செய்த அநியாயம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதல், ஏன், ஒரு கௌரவம்கூட இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பாவும், "எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க" என்றுதான் சொன்னார். ஒரே கிணற்றில் குளித்த அண்ணனுக்குத் தலை நிறைய முடி இருந்ததை நாங்கள் யாரும் பேசவில்லை.

ஒருநாள் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். படித்தவன் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். நான் தலையைக் குனிந்து காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டுத் தன் தலையைத் தடவிக்கொண்டார். முழு வழுக்கை. "நான் உங்க ஊர்த் தண்ணி குடிக்கலியே, தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அடுத்து அம்மா, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முறை வந்தபோது சிரிப்பு ஓயவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

பல வருஷங்கள் கழித்துக் கிள்ளையில் தாய்மாமன் இறந்தார். மாமா எப்போதும் மொட்டை. வைத்தீஸ்வரன் கோயில் வேண்டுதல் என்பார். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்டதில்லை. கடைசி நாற்பது நாள் படுக்கையில் கிடந்தவருக்கு யாரும் சிரைத்துவிடவில்லை. குளிப்பாட்டும்போது பார்த்தேன். காதுகளுக்கு மேலும் பிடரியிலும் லாடம் போல வெள்ளை முடி வளர்ந்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. வளைவு, விளிம்பு எல்லாம் என் தலை. செம்மங்குப்பத்துக் கிணறு அவருக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. மாமாவுக்கு வேண்டுதல், எனக்குத் தண்ணீர்.

பிறகுதான் படித்தேன். 1942-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் எழுதிவிட்டார்: பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை, அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்குகிறது. ஹார்மோனும் வம்சமும் சேர வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் உடலில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அதற்குப் பணிந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகின்றன. பிடரியில் உள்ளவை பணிவதில்லை. இதில் முக்கியமான மரபணு ஒன்று தாய் வழியாக வருகிறது. தகப்பன் வழியிலும் பல உண்டு.

தண்ணீரோ உணவோ முடியை உதிர்க்காது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் ஆண், பெண், குழந்தைகள் எல்லோருக்கும் சில நாட்களில் தலை காலியாயிற்று. முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். பின்னர் அவர்கள் ரத்தத்தில் செலினியம் மிகுந்திருந்தது தெரிந்தது; ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் ரேஷன் கோதுமையைச் சுட்டினார். விஷம் ஆண்பிள்ளை என்று பார்த்து வருவதில்லை. நெற்றியில் கோடு போட்டுக்கொண்டு இருபது வருஷம் நடப்பதும் இல்லை. இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அண்ணன் மகனுக்கு முன்நெற்றி ஏறுகிறது. அண்ணனுக்கு இல்லாதது அவனுக்கு வந்திருக்கிறது. "என்ன செய்யலாம், சித்தப்பா?" என்றான். தெரிந்ததைச் சொன்னேன். மினாக்சிடில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததால் தலையில் தடவும் மருந்தானது. அமெரிக்காவில் 1988-ல் அனுமதி. ஃபினாஸ்டெரைட் 1997-ல் வந்தது. அந்த ஹார்மோன் மாற்றத்தையே தடுக்கிறது. சிலருக்கு ஆசை குறைகிறது, மனம் சோர்கிறது. தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இரண்டும் இருப்பதைக் காக்கும், கொஞ்சம் மீட்கும். நிறுத்தினால் மீட்டதும் போகும். பிடரி முடியை எடுத்து முன்னால் நடலாம்; ஆனால் 2016-ல் சென்னையில் அப்படி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி. நான் அப்படித்தான் இருக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "பொண்ணு வீட்ல கேட்டா தண்ணின்னு சொல்லிடறேன்" என்று சிரித்தான்.

"சொல்லாதே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவன் திகைத்துப் பார்த்தான்.

திண்ணையில் அம்மா தேங்காய் எண்ணெயைக் கைகளில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் தேய்க்கிறாள். அவள் சொல்ல வேண்டியதை இன்றுவரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.