எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்கு, சார்?

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். வெளிநாட்டில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் கேட்பார். உள்ளூர்க்காரர் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, சாரத்தை அண்ணாந்து பார்த்தபடி கேட்பார். பேங்க்கிலும் பேஸ்மெண்ட் மட்டம், லிண்டல் மட்டம், ரூஃப், பூச்சு என்று கட்டம் பிரித்துத்தான் கடனை விடுகிறார்கள். நானும் கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைப்பேன். ஆனால் சைட்டுக்குள் நுழைந்ததும் நான் தேடுவது வேறு. அடுத்த வேலை வந்து எதை மூடப்போகிறது? மூடுவதற்கு முன்னால் அது சரியாக இருக்கிறதா?

முதலில் மூடப்படுவது அஸ்திவாரம். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த மண்ணிலேயே பூட்டிங்கை உட்கார வைத்தால் வருஷத்துக்கு இரண்டு முறை வீடு அசையும். சரளையோ சுக்கானோ தட்டுப்படும் வரை வானம் தோண்ட வேண்டும். கரிசல் ரொம்ப ஆழம் போனால் அடி அகன்ற அண்டர் ரீம்டு பைல்தான். பணம் மண்ணுக்குள் போகிறதே என்று வீட்டுக்காரருக்கு வயிறு எரியும். நியாயம்தான், போட்டோ எடுத்து அனுப்ப அங்கே ஒன்றும் இருக்காது. இன்னொன்று, தோண்டிய கரிசலையே திருப்பிக் கொட்டி பேஸ்மெண்டை நிரப்பக்கூடாது. கிராவல் அடித்து, முக்கால் அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். இதில் விட்டது பின்னால் டைல்ஸ் இறங்கும்போதுதான் தெரியும்.

எல்லோரும் கொண்டாடும் நாள் ரூஃப் காங்கிரீட். மிக்ஸர் சத்தம், சித்தாள்களின் வரிசை, மதியம் பிரியாணி. எனக்கு அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் முக்கியம். கம்பி கட்டி முடித்து ஆட்கள் இறங்கிய பிறகு, நான் மட்டும் மேலே ஏறிக் குனிந்து பார்ப்பேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கவர் பிளாக் தீர்ந்துபோனால் கம்பி கட்டுகிறவர் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிட்டுப் போவார். ஆள் மிதித்ததும் அது நழுவும், கம்பி பலகையில் படுக்கும். சில வருஷம் கழித்து அந்த இடத்தில் துரு வீங்கி, சீலிங் காரை பெயர்ந்து விழும். ஃபேன் பாக்ஸில் காகிதம் திணித்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட வேண்டும். சிமெண்ட் பால் உள்ளே இறங்கிவிட்டால் பிறகு உளியோடுதான் தேட வேண்டும்.

மறுநாள் சண்டை தண்ணீருக்காக. "மால் ஓடமாட்டேங்குது சார், இன்னொரு டப்பா ஊத்திக்கவா?" என்று மிக்ஸர்க்காரர் கேட்பார். எம்20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு. ஈர மணலாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். ஓடுகிற கலவை அவர் கைக்கு சுகம். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் காய்ந்து வெளியேறும்போது காங்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுப் போகும். "வேண்டாம் அண்ணே, வைப்ரேட்டரை நல்லா விடச் சொல்லுங்க" என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அதன் பிறகு வீட்டுக்காரருக்குப் பிடிக்காத நாட்கள் வரும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். "ஒரு வேலையும் நடக்கலையே?" என்று போன் வரும். நடக்கிறது. சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிக்கொண்டிருக்கிறது. இந்த மொத்தக் கட்டடத்திலும் அதைவிடப் பெரிய வேலை கிடையாது என்பது என் கட்சி. இப்போது பெரும்பாலும் வாங்குவது பி.பி.சி. (போர்ட்லண்ட் போசோலானா) சிமெண்ட். காங்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் கேட்கிறது. தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் என்றால் முட்டுகளைப் பிரிக்க 7 நாள், மேலே போனால் 14 நாள் என்பது சாதா சிமெண்டுக்கான கணக்கு. பி.பி.சி. மெதுவாக இறுகும் என்பதால் நான் அதற்கு மேலும் சில நாள் விடுவேன். பில்லரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சாக்கு சுற்றியிருப்பார்கள், தண்ணீர் கைக்கு எட்டிய உயரம் வரை நனைந்திருக்கும். பீம் வந்து உட்காரப்போகிற தலைப்பகுதி வெளுத்துக் கிடக்கும்.

சென்ட்ரிங் பிரித்ததும் "முக்கால்வாசி முடிஞ்சது" என்பார்கள். என் அனுபவத்தில் அங்கிருந்து சாவி கொடுக்கும் வரை ஆகிற காலம், அதுவரை ஆன காலத்துக்குக் குறைவதில்லை. அதுவரை ஒரு மேஸ்திரி சொன்னால் வேலை நடந்தது. இனி எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆசாரி, டைல்ஸ்காரர், பெயிண்டர் என்று ஆளுக்கொரு திசை. பூச்சு முடிந்த சுவரில் காடி வெட்ட எலக்ட்ரீஷியன் வந்து நின்றால் யாரைத் திட்டுவது? பைப், காடி எல்லாம் முடிந்து, செங்கலும் பில்லரும் சேரும் கோட்டில் வலை அடித்த பிறகே பூச்சு. பாத்ரூம் பள்ளத்தில் வாட்டர்புரூஃப் அடித்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழ்த்தளத்தில் கசிவில்லை என்று பார்த்த பிறகே நிரப்பு, அதன் மேல் டைல்ஸ். டைல்ஸை ஒரு சின்னக் கம்பால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது, 'டொக்' என்றால் வெற்றிடம். பெயர்த்து ஒட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இத்தனையையும் கெடுப்பது பெரும்பாலும் ஒரு தேதி. பூச்சு வேலை பாதியில் நிற்கும்போதே பத்திரிகை அடித்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள். ஈரம் காயாத சுவரில் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றினால் அன்றைக்குப் பளபளக்கும். அடுத்த மழைக்குள் உப்புப் பூத்துப் பெயிண்ட் செதில் செதிலாக உரியும். புதுப் பூச்சு, கியூரிங் முடிந்து ஒரு மாதமாவது காய வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் அதுவும் போதாது. ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிப்பூச்சு காய்ந்த பிறகு ஜோசியரைப் பாருங்கள். ஆவணி தவறினால் தை இருக்கிறது.