மறுபாதித் திரை

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. மறுநாள் காலை அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போக மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். "பாத்தியாக்கா, கோர்ட்டே சொல்லிருச்சு" என்று நீட்டினேன். அடுப்படியில் நின்ற அக்கா பேப்பரை வாங்கவில்லை.

மாமா அப்போது துபாயில் ஏசி மெக்கானிக். அங்கே வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச விடவில்லை. டிக்டாக்கில் 'டூயட்' என்று ஒன்று இருந்தது. ஒருவர் போட்ட வீடியோவுக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் தன்னுடையதைச் சேர்க்கலாம். திரை இரண்டாகப் பிரியும். இரவு வேலை முடிந்து மாமா ஒரு பாட்டுக்கு வாயசைத்துப் போடுவார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அக்கா மறுபாதியில் நின்று பதில் பாடுவாள். 15 விநாடி. கல்யாணமாகிப் பாதிக் காலம் பிரிந்தே கிடந்தவர்கள் சேர்ந்து நின்றது அந்த 15 விநாடிதான்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அதற்கு முன் ஒருநாள் டீக்கடையில் ஒரு சொந்தக்காரர் "ஒங்கக்கா ஆடுறதப் பாத்தேன்" என்று சிரித்தார். அன்றிரவே அவளுடைய வீடியோ ஒன்றை என் போனில் இறக்கிக்கொண்டேன், பெரியப்பாவிடம் சாட்சி காட்டுவதற்கு. அதே போனில் தினமும் நடுச்சாமம் தாண்டி, ஊர் பேர் தெரியாத பெண்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். லைக்கும் போட்டேன். ஆபாசமும் குழந்தைகளின் பாதுகாப்பும்தான் நீதிமன்றத்தின் கவலை. அக்காவின் வீடியோவில் தப்பாக ஒன்றுமில்லை. தப்பு பார்த்த என் கண்ணில் இருந்தது.

தடை வந்தும், ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்கள் போனில் டிக்டாக் ஓடத்தான் செய்தது. அக்காவின் கணக்கை அழித்தது கோர்ட் இல்லை, நான். என் நம்பரில் திறந்து கொடுத்த கணக்கு; பேப்பர் கொண்டுபோன அன்றே அவள் கண்ணெதிரில் அழித்தேன்.

ஏப்ரல் 24 அன்று அதே நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்தப் பேப்பரை நான் மேலூருக்குக் கொண்டுபோகவில்லை. அக்காதான் போன் செய்தாள். "அழிச்சாலும் 30 நாளைக்குள்ள திரும்ப எடுக்கலாமாம்டா தம்பி. எடுத்துக் குடுறா." இன்னும் ஒன்பது நாள் இருந்தது. "பாக்கலாம்க்கா" என்றேன். பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று, மதுரையே முழு ஊரடங்கில் கிடந்தபோது, மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்த நேரம். அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது ஓராண்டுக்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

மாமா ஊருக்கே வந்துவிட்டார். அக்கா இப்போது போட்டோவுக்குக்கூட நிற்பதில்லை. மிச்சமிருப்பது சாட்சிக்காக நான் இறக்கிய அந்த ஒரு வீடியோ. ஒரு பாதியில் பனியனோடு மாமா, மறுபாதியில் ஈரத்தலையில் துண்டு கட்டிய அக்கா. அது என் போனில்தான் இருக்கிறது. இன்றுவரை அவளுக்கு அனுப்பவில்லை.