குறுக்கே போட்ட இரண்டு கோடு



இந்த மலரில் கவிதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்னையைப் பற்றியும் நட்பைப் பற்றியும் அவர்கள் எழுதட்டும். நான் ஒரு செக்கைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் செல்லாத செக்! "செல்லாத செக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே. டிப்ளமோ முடித்து வேலைக்கோ அப்ரண்டிஸ் பயிற்சிக்கோ போகும்போது, மார்க் ஷீட், ஆதார் நகல், போட்டோ என்று நீளும் பட்டியலின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 'கேன்சல்டு செக் ஒன்று'.

எனக்கும் அப்படி ஒரு பட்டியல் வந்தது. எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் வாசித்துக் காட்டுவது என் வேலை. வாசித்தேன். கொத்தனார் வேலை பார்க்கும் என் அப்பா, "வெத்துச் செக்குத்தானேடா? கையெழுத்துப் போட்டுக் குடுத்துர வேண்டியதுதான். நான் சென்ட்ரிங் தகடு வாங்கக் கடன் எடுத்தப்ப ரெண்டு குடுத்திருக்கேன்ல" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் திக்கென்றது. இரண்டும் ஒன்று என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று செத்த பாம்பு. மற்றது படுத்திருக்கும் பாம்பு!

முதலில் செத்ததைப் பார்ப்போம். ஒரு கம்பெனி நம்மிடம் கேன்சல்டு செக் கேட்பது பணம் எடுப்பதற்கு அல்ல, போடுவதற்கு. பணம் அனுப்பும் முறைகளில் பெயரைவிடக் கணக்கு எண்தான் பேசும். ஒரு எண் தவறினால் நம் சம்பளம் முகம் தெரியாத ஒருவர் கணக்குக்குப் போய்விடலாம். கையால் எழுதினால் 1-ஐ 7 என்று படித்துவிடலாம். அச்சடித்த செக்கில் அந்தக் குழப்பம் இல்லை. நம் பெயர், கணக்கு எண், வங்கிக் கிளை எல்லாம் அதில் இருக்கின்றன.

ஐ.எஃப்.எஸ்.சி. என்பது 11 எழுத்து. முதல் நான்கு எழுத்து வங்கியின் பெயர், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறும் கிளை. செக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையில் வினோதமான வடிவத்தில் எண்கள் இருக்கும். அது காந்த மையில் அச்சடித்தது. அதில் முதல் 6 இலக்கம் செக் எண். அடுத்த 9 இலக்கத்தில் முதல் மூன்று ஊர், நடு மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னைக்கு 600. இந்தியன் வங்கிக்கு 019, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 020. லேத் மெஷினில் அளவு படிக்கத் தெரிந்த நமக்கு இதைப் படிப்பது கஷ்டமா என்ன?

கேன்சல் செய்வது எப்படி? பேனாவால் செக்கின் குறுக்கே, மூலைக்கு மூலை, இரண்டு இணைகோடுகள். நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'கேன்சல்டு'. அவ்வளவுதான். எண்களின் மேல் கோடு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. கணக்கு எண்ணும் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால், நம் கையெழுத்தைப் பழகிப் பார்க்க நினைப்பவனுக்கு நாமே மாதிரி கொடுத்ததாகிவிடும். எந்த எண்ணுள்ள செக்கை யாரிடம் கொடுத்தோம் என்று செக் புத்தகத்தில் குறித்து வைப்பதும் நல்லது.

இங்கே ஒரு குழப்பம் வரும். செக்கின் இடது மேல் மூலையில் சின்னதாக இரண்டு கோடு போடுவதும் உண்டு. அது கேன்சல் அல்ல, 'கிராஸ்' செய்வது. கிராஸ் செய்த செக் உயிருள்ள செக். கவுண்டரில் பணமாகத் தர மாட்டார்கள், கணக்கில் மட்டும் வரவு வைப்பார்கள். மூலையில் கோடு வேறு, குறுக்கே கோடு வேறு.

இன்னொரு வேடிக்கை. இப்போது புழக்கத்தில் இருக்கும் சி.டி.எஸ்.-2010 வகைச் செக்கை ஜெராக்ஸ் எடுத்தால் 'வாய்டு' அல்லது 'காப்பி' என்ற எழுத்து நகலில் தானாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் அச்சில் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நகலை அசல் என்று ஏமாற்றக் கூடாது என்பதற்காக. ஆனால் நகலில் 'வாய்டு' தெரிந்ததால் அசலும் செல்லாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அசல் நம் கையில் உயிரோடுதான் இருக்கிறது.

செக் புத்தகமே இல்லாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பல இடங்களில் பாஸ்புக்கின் முதல் பக்க நகலை ஏற்றுக்கொள்கிறார்கள். வைப்பு நிதிப் பணத்தை ஆன்லைனில் கேட்டு விண்ணப்பிப்போர் செக் அல்லது பாஸ்புக் படத்தை ஏற்ற வேண்டும் என்ற விதியையே 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். பழைய செக்கைக் கொடுப்பவர்களும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். 2020-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்த பிறகு அந்தக் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. மாறிப்போனது.

இனி படுத்திருக்கும் பாம்பு.

தொகை எழுதாமல், தேதி எழுதாமல், பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பதுதான் 'பிளாங்க் செக்'. தேதி போட்ட செக் மூன்று மாதம்தான் செல்லும். 2012 ஏப்ரல் 1 முதல் அப்படி. அதற்கு முன் ஆறு மாதம். ஆனால் தேதியே போடாத செக்குக்கு வயதே ஆவதில்லை! வைத்திருப்பவர் என்றைக்குத் தேதி எழுதுகிறாரோ அன்றைக்குத்தான் அது பிறக்கிறது.

"நான் தொகை எழுதவே இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? சுலபமில்லை. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவு, செக் திரும்பினால் என்ன தண்டனை என்று சொல்கிறது. 1989 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நோட்டீஸ் வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. தானே விரும்பிக் கையெழுத்துப் போட்டு ஒரு பாக்கிக்காகக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினாலும் அது செல்லாததாகிவிடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அப்பாவின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. செக் மட்டும் திரும்பவில்லை. கேட்டபோதெல்லாம், "எங்கயாவது கெடக்கும்ணே, அப்பறம் தர்றேன்" என்று பதில். அப்பாவும் விட்டுவிட்டார். தெரிந்த மனிதர், முகத்தை முறிக்க முடியுமா?

நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஒரு செக் கிடைத்தது. இன்னொன்றைக் காணவில்லை என்றார். "கடன் முழுதும் அடைந்தது, இன்ன எண்ணுள்ள செக் திருப்பித் தர வேண்டியது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டோம். முகம் சுளித்தாலும் போட்டுத் தந்தார். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தோம்? செக் புத்தகத்தில் எண்கள் வரிசையாக இருக்கும். வரிசையில் இல்லாத எண்களைப் பார்த்தோம். பிறகு அப்பா வங்கிக்குப் போய் அந்தச் செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பாக்கி வைத்துக்கொண்டு இப்படி நிறுத்தினால் அதற்கும் வழக்கு வரும். பாக்கி இல்லை என்ற தாள் கையில் இருப்பதுதான் எங்களுக்குத் தைரியம். ஆனாலும் அந்த ஒரு செக் எங்கேயோ இருக்கிறது. அந்த ரசீதை அப்பா எங்கள் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் எங்கள் புதுக்கோட்டைக்கென்று தனிக் காசு இருந்தது. அம்மன் காசு என்பார்கள். சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அதைக் கையில் வாங்கினவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. காசின் மதிப்பு காசிலேயே முடிந்துவிட்டது. செக் அப்படி இல்லை. அச்சடித்த வெறும் தாள் அது. உயிர் கொடுப்பது நம் கையெழுத்து.

1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் முன்னின்று நடத்தினார்கள். கல் உடைக்கும் பெண்கள்கூட எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். என் அப்பாயி அதில்தான் தன் பெயரை எழுதக் கற்றது. கைநாட்டு வைத்த குடும்பத்துக்குக் கையெழுத்து வந்தது பெரிய விடுதலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாராவது தாளை நீட்டினால், "எங்க போடணும்?" என்று கேட்டு அப்பாயி பெருமையாகப் போடும். அப்பாவும் அப்படித்தான்.

எங்கே போட வேண்டும் என்று அவர்கள் தலைமுறை கற்றது. எங்கே போடக் கூடாது என்று கற்று, வீட்டுக்குச் சொல்ல வேண்டியது நம் தலைமுறை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஒரு சுரைக்காயாவது உதவட்டும்!

எனவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "யார்கிட்டயாவது கையெழுத்துப் போட்ட வெத்துச் செக்கு குடுத்திருக்கீங்களா?" இருந்தால் செக் புத்தகத்தை எடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடன் அடைந்திருந்தால் கூடவே போய்க் கேட்டு வாங்குங்கள். வாங்கின செக்கைக் கிழித்துப் போடுவதற்கு முன், குறுக்கே இரண்டு கோடு போடச் சொல்லி அவர்கள் கையிலேயே பேனாவைக் கொடுங்கள்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை, திருக்கோகர்ணம்