கத்தரிக்கோல் இல்லாத மேசை

பூனைக்குச் சிக்கு எடுக்கும் அந்த மேசையில் கத்தரிக்கோல் இல்லை. ஒரு கிளிப்பர், அதற்கு 10-ஆம் நம்பர் பிளேடுகள், நெருக்கப் பல்லிலும் அகலப் பல்லிலும் எஃகுச் சீப்புகள், சோளமாவு டப்பா, பழைய துண்டுகள், பச்சைக் குழந்தைகளை எடைபோடும் தராசு. அந்தமானின் டாலிகஞ்சில் தன் வீட்டு முன்னறையிலேயே செல்லப்பிராணிகளுக்கு முடி வேலை செய்யும் அந்தப் பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். “கத்தரிக்கோலை வெச்சு வீட்லயே வெட்டினவங்க என்கிட்ட வர்றதில்ல சார். தையல் போட நேரா மாட்டாஸ்பத்திரிக்குத்தான் ஓடறாங்க” என்றார்.

காரணம் தோலில் இருக்கிறது. பூனையின் தோல் மெல்லியது. உடம்போடு இறுகி நிற்காமல் தளர்ந்து நகரக்கூடியது. வயதானால் இன்னும் மெலிந்துபோகும். சிக்கைப் பிடித்துத் தூக்கினால் அதனோடு தோலும் கூடாரமாக எழும்பிவிடும். முடியின் அடியை வெட்டுவதாக நினைத்துக் கூடாரத்தின் உச்சியை வெட்டிவிடுகிறார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் மடிந்து தொங்கும் இடங்களில் இது நொடியில் நடந்துவிடும்.

அந்தப் பெண்ணின் தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர் தமிழ் பேசுகிறவர்கள்; டாலிகஞ்சில் தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வந்துவிழும். தலைநகர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டாலும் வாய்ப்பேச்சில் இன்னும் போர்ட் பிளேயர்தான். மே மாதம் தொடங்கும் மழை, இரண்டு பருவக்காற்றையும் பார்த்துவிட்டு டிசம்பரில்தான் ஓயும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். துவைத்த துணியே காயாத ஊரில் பெர்ஷியன் பூனையின் அடிமயிர் எப்படிக் காயும்? மேலே நீண்ட முடி, அடியில் கம்பளிபோன்ற குட்டை முடி என இரண்டு அடுக்கு அதற்கு. உதிர்ந்த அடிமயிர் வெளியே வரமுடியாமல் நின்று, ஈரமும் தோலின் எண்ணெயும் சேர்ந்து இறுகிவிடுகிறது. இந்த ஈரத்துக்குள் நீளமுடிப் பூனையைக் கொண்டுவந்தது மனிதரின் ஆசை. தினமும் சீவிவிடும் பொறுப்பும் கூடவே வருகிறது என்பதை விற்கிறவர்கள் வாங்குகிறவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அன்று வந்தது 14 வயதுப் பெர்ஷியன் பெண் பூனை, பெயர் பஞ்சு. பொதுப்பணித் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் கூடையில் தூக்கிவந்தார். முதுகின் பின்பாதி, வயிறு, தொடை எல்லாம் ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. “குளிப்பாட்டிக் கொண்டுவரலாம்னு பார்த்தேன்மா, விடல” என்றார். நல்லவேளை என்றார் அந்தப் பெண். தண்ணீர் பட்டால் சிக்கு சுருங்கி இன்னும் இறுகும். முதலில் சிக்கு, பிறகுதான் குளியல்.

கிளிப்பரை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் கேள்விதான் கேட்டார். கட்டிலில் ஏறுகிறதா? மண்தட்டில் கால் வைத்து ஏற யோசிக்கிறதா? தண்ணீர் அதிகம் குடிக்கிறதா? எதிர்வீட்டு மதிலில் நடந்தது கடைசியாக எப்போது? பெரியவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். மதிலேறி இரண்டு வருஷம் இருக்கும் என்றபோது அவர் குரல் இறங்கிப்போனது.

பூனை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பூனை நாக்கின் முட்கள் நுனியில் குழிந்தவை. அந்தக் குழிதான் எச்சிலை முடியின் அடிவரை கொண்டுபோகிறது என்பதை 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே ஆய்வில் பெர்ஷியன் மட்டும் விலகி நின்றது. அதன் முடி அவ்வளவு நீளம். நாக்கு முள் தோலை எட்டுவதில்லை. இளவயதிலேயே எட்டாத நாக்கு, மூட்டு தேய்ந்த பிறகு இடுப்புப் பக்கம் திரும்பக்கூட முடியாமல் போகிறது. 12 வயது கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை வைத்து 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டிக் காட்டாது. முதுகின் பின்பாதியில் சிக்கு விழுவதுதான் அது வலியைச் சொல்லும் விதம். பல்வலி, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, உடல்பருமன் இவற்றுக்கும் சிக்கு அடையாளமாகலாம். ஆகவே, சிக்கெடுப்பை அழகு வேலைகளோடு சேர்த்துப் பேசுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேசைமேல் துண்டு விரித்துப் பஞ்சுவை அதன் போக்கில் படுக்கவிட்டார். பிடரியைப் பிடிக்கவில்லை. கழுத்துப் பக்கம் சின்னச் சிக்குகளில் சோளமாவு தூவி, அடியை விரல்களால் இறுக்கிக்கொண்டு நுனியிலிருந்து சீப்பால் பிரித்தார். அடியைப் பிடித்திருப்பதால் இழுப்பு தோலுக்குப் போவதில்லை. பாளத்துக்கு அந்த வழி உதவாது. இடது கையால் தோலை இழுத்துத் தட்டையாக்கி, தோலுக்கும் பாளத்துக்கும் இடையே பிளேடைப் படுக்கவைத்து, முதுகுத்தண்டிலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். 10-ஆம் நம்பர் பிளேடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். பல் அகன்ற பிளேடுகள் வேகமாக வெட்டும், ஆனால் பல்லிடுக்கில் தோல் மாட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை அவர் தொடுவதே இல்லை. நிமிடத்துக்கொரு தரம் பிளேடை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்தார். சுட்டால் பிளேடை மாற்றினார். பின்னங்காலை வெளிப்பக்கம் விரிக்கவே இல்லை. மூட்டு போகும் திசையில், உடம்புக்குக் கீழேயே ஒரு விரல் அளவு தூக்கினார், உடனே விட்டார்.

முதுகுப் பாளம் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து, ஓரிடத்தில் ஈரப்புண். அதைவிட எங்களைத் திடுக்கிடவைத்தது முதுகெலும்பு. முடிக்குள் ஒளிந்திருந்த மெலிவு அப்போதுதான் தெரிந்தது. தராசு இரண்டரைக் கிலோவுக்கும் கீழே காட்டியது. “நல்லாத்தானே சாப்பிடுது” என்றார் பெரியவர், யாரிடமும் இல்லாமல்.

வயிற்றுக்குப் போகும்போது பஞ்சு வாய் திறந்து மூச்சுவிட்டது. அந்தப் பெண் கிளிப்பரை அணைத்து அப்பால் வைத்தார். பாதி வயிறும் தொடைகளும் மிச்சம். “இன்னும் கொஞ்சம்தானேம்மா” என்றார் பெரியவர். “இல்லீங்கய்யா, இன்னிக்கு இவ்ளோதான்.” நாய் வாய் திறந்து மூச்சுவிடுவது இயல்பு, பூனை விட்டால் அது ஆபத்தின் விளிம்பு. நான் பார்த்ததில் அவருடைய திறமை முழுவதும் திரண்டு நின்றது அந்த அணைப்பில்தான். முடித்துக் காசு வாங்கிவிடலாம், பூனையும் பிழைத்திருக்கலாம். அந்த ‘லாம்’ அவருக்குப் போதவில்லை.

மயக்கம் கொடுத்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். அது மருத்துவர் வேலை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவுபெற்ற மருத்துவருக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. சட்டத்தைத் தாண்டியும் காரணம் உண்டு. பெர்ஷியன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பரம்பரையாக வரும். பல நாடுகளில் எடுத்த கணக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்நோய் இருந்தது. ரத்தம் சோதிக்காமல் வயதான பெர்ஷியனுக்கு மயக்கம் கொடுத்தால் அந்தச் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். வேறொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்தும் பூனையைக் கப்பலில் கொண்டுவந்து அன்றே முடித்துத் தரக் கேட்பார்களாம். அவர்களிடம் இல்லை என்று சொல்வதுதான் தன் தொழிலில் கடினமான பகுதி என்றார்.

பிறகு பெரியவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். வலிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது; ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதையும் தொடவிடக் கூடாது. காதுக்குப் பின்னால் சிக்கு எடுத்த இடத்தில் நமைச்சலால் தலையை உதறும். காதுமடல் வீங்கினால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். இரவில் போர்வை வேண்டும். படர்தாமரை பூனையிடமிருந்து மனிதருக்கும் ஒட்டும் என்பதால் கையைக் கழுவச் சொல்லிவிட்டு, தன் சீப்புகளையும் பிளேடையும் கிருமிநாசினியில் போட்டார்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கவேண்டும், மண்தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிட வேண்டும், கட்டிலருகே ஒரு படி போடவேண்டும். எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் தானே சீவிவிட ஒரு சீப்பு கேட்டார். அகலப் பல் சீப்பை அவர் கையில் வைத்து, பஞ்சுவின் கன்னத்தில் தொடங்கிக் காட்டினார் அந்தப் பெண்.

“சாப்பிட்ட பிறகு ரெண்டு நிமிஷம் போதும் ஐயா. அதுக்குப் பிடிச்ச இடத்துல மட்டும். வயித்துப் பக்கம் இப்பப் போகாதீங்க, அது டாக்டர் பார்த்த அப்புறம்.”